தொப்பிக் கம்பெனிக் கட்டடத்தில் ஒரு மைக்

அமெரிக்காவின் பிரிஸ்டல் நகரில் கடைத்தெருவின் நடுவே மாநில எல்லை ஓடுகிறது. தெருவின் ஒரு பக்கம் டென்னசி, எதிர்ப்பக்கம் வர்ஜீனியா. 1927 ஜூலை 25 முதல் ஆகஸ்ட் 5 வரை, டென்னசி பக்கத்தில் இருந்த ஒரு தொப்பிக் கம்பெனியின் கட்டடம் ஒலிப்பதிவுக் கூடமாக இயங்கியது. விக்டர் இசைத்தட்டு நிறுவனத்துக்காக ரால்ஃப் பியர் என்பவர் இரண்டு பொறியாளர்களோடு வந்து இறங்கினார். எதிரொலி எழாமல் இருக்கச் சுவர்களில் கம்பளிகள் தொங்கின. அப்பலாச்சியன் மலைப்பகுதிப் பாடகர்களும் குழுக்களுமாக 19 தரப்பினர் வந்து 76 பாடல்களைப் பதிவுசெய்தார்கள். கன்ட்ரி இசையின் பெருவெடிப்பு என்று வரலாற்றாசிரியர்கள் இந்தப் பன்னிரண்டு நாட்களைச் சொல்வதுண்டு. நல்ல பாட்டை இனங்காண்பதில் பியர் கெட்டிக்காரர். ஆனால் அந்த ஆண்டின் உண்மையான நாயகன் அவர் கொண்டுவந்திருந்த மைக் என்றே நான் சொல்வேன்.

மைக் வருவதற்கு முன்பு ஒலிப்பதிவு எப்படி நடந்தது? பாடுபவருக்கு எதிரே ஒரு பெரிய கூம்பு. குரல் எழுப்பும் காற்றதிர்வு கூம்பின் குறுகிய முனையில் உள்ள மெல்லிய தகட்டை ஆட்டும். தகடு ஊசியை ஆட்டும். ஊசி சுழலும் மெழுகில் தடம் கீறும். ஊசியை ஆட்டக் குரலின் விசையைத் தவிர வேறு எந்த விசையும் கிடையாது. ஆகவே உரத்துப் பாட வேண்டும். அப்படிப் பாடினாலும் நொடிக்கு ஏறத்தாழ 250 அதிர்வுகளுக்குக் கீழும் 2,500-க்கு மேலும் உள்ள ஒலிகளில் பெரும்பகுதி மெழுகை எட்டாது. கிட்டாரின் தடித்த கம்பி நொடிக்கு 82 முறைதான் அதிர்கிறது. அதன் அடிநாதம் எங்கே பதியும்? 1924-இல் மலைநாட்டுப் பாடல்களைப் பாடி விற்பனையில் கொடிகட்டிப் பறந்த வெர்னன் டால்ஹார்ட், ஆப்பரா மேடையில் பாடிப் பழகியவர். கூம்புக்கு ஏற்ற குரல் அது. வீட்டுத் திண்ணையில் சன்னமாகப் பாடியவர்களுக்கு அதில் இடமில்லை.

பெல் தொலைபேசி நிறுவனத்தின் வென்ட் என்பவர் முதல் உலகப் போர்க் காலத்தில் உருவாக்கிய கண்டென்சர் மைக் இந்த நிலையை மாற்றியது. அதில் இழுத்துக் கட்டிய மெல்லிய உலோகத் தகடு ஒன்று; மயிரிழை இடைவெளி விட்டு அதன் பின்னால் அசையாத இன்னொரு தகடு. இரண்டுக்கும் இடையே மின்னழுத்தம். குரல் பட்டு முன் தகடு அசையும்போது இடைவெளி கூடிக் குறைகிறது. அதற்கேற்ப மின்னோட்டமும் துடிக்கிறது. வெற்றிடக் குழாய்கள் அந்தத் துடிப்பைப் பல மடங்கு பெருக்கி, மெழுகை வெட்டும் ஊசியை மின்காந்தத்தால் ஆட்டுகின்றன. வெட்டும் விசை இப்போது மின்சாரத்தினுடையது. பாடகர் குரலை உயர்த்தத் தேவையில்லை. 1925-இல் விக்டர் இந்த முறைக்கு மாறியது. பதிவாகும் எல்லையும் ஏறத்தாழ 100 முதல் 5,000 அதிர்வுகள் வரை விரிந்தது.

இவ்வளவு மின்சாரம் புகுந்த பிறகும், பிரிஸ்டலில் மெழுகுத் தட்டைச் சுழற்றியது மின் மோட்டார் அல்ல. பழைய ஊசல் கடிகாரங்களில் உள்ளதுபோல, மேலிருந்து மெதுவாக இறங்கும் எடைதான் அதைச் சுற்றியது. தட்டின் வேகம் சற்றே மாறினாலும் சுருதி பிசகிவிடும். புவியீர்ப்போ ஒரே சீராக இழுக்கும். எனக்கு இந்த ஏற்பாட்டின் மேல் தனிப் பிரியம் உண்டு.

ஆகஸ்ட் 1-ஆம் தேதி கார்ட்டர் குடும்பம் வந்தது: ஏ.பி. கார்ட்டர், அவர் மனைவி சாரா, ஏ.பி.யின் தம்பி மனைவி மேபெல். மேபெலுக்கு வயது 18. பிரசவத்துக்கு இன்னும் சில வாரங்களே இருந்தன. அவர் கைகளில் கிட்டார். கட்டைவிரல் கீழ்ச்சுரக் கம்பிகளில் பாட்டின் மெட்டையே மீட்டும். மற்ற விரல்கள் மேல்சுரக் கம்பிகளை வருடித் தாளம் போடும். ஒரே கருவி, இரண்டு வேலை. பின்னால் வந்த எத்தனையோ கிட்டார் கலைஞர்கள் கற்றுக்கொண்ட பாணி இது. அந்தக் கட்டைவிரல் நின்ற கம்பிகள்தாம் கூம்புக்குச் சரியாகக் கேட்காத கம்பிகள். அதே பதிவை 1923-இல் செய்திருந்தால் மேபெலின் வாசிப்பு பாதிதான் தேறியிருக்கும்.

ஆகஸ்ட் 4-இல் ஜிம்மி ராட்ஜர்ஸ் இரண்டு பாடல்கள் பாடினார். ரயிலில் பிரேக்மேனாக வேலை பார்த்தவர், காசநோயாளி. நோயுற்ற நுரையீரலோடு பாட வந்தவருக்கு மைக் எத்தனை பெரிய துணை! 1933-இல், 35 வயதில் இறப்பதற்குள் அவர் நாடறிந்த பாடகராகிவிட்டார்.

பிரிஸ்டலில் பதிந்த மெழுகிலிருந்து உலோக அச்சு எடுத்து, அரக்குக் கலவையில் தட்டுகளை அழுத்தி விற்றார்கள். அரக்கில் பெரும்பங்கு நம் நாட்டுக் காடுகளிலிருந்து போனது.

இந்தப் பதிவுகள் இன்று எளிதாகக் கிடைக்கின்றன. முதலில், பியர் 1923-இல் அட்லாண்டாவில் கூம்பு வைத்துப் பதிந்த, ஜான் கார்சன் என்ற பாடகரின் பாட்டு ஒன்றைக் கேளுங்கள். உடனே கார்ட்டர் குடும்பத்தின் பிரிஸ்டல் பாட்டு ஒன்றைப் போடுங்கள். ஹெட்போன் மாட்டிக்கொண்டு, மேபெலின் கட்டைவிரலை மட்டும் பின்தொடர்ந்து பாருங்கள்.