கையால் செய்த உறுப்பும் காத்து வைத்த கணக்கும்

யந்திரம் ஒன்றை வாங்குவோர், அதனைச் செய்த தொழிற்சாலையின் துணையையும் சேர்த்தே வாங்குகின்றனர். தேய்ந்த உறுப்புக்கு மாற்று உறுப்பு கடையில் கிடைக்கும் என்னும் நம்பிக்கையே அத்துணையாகும். தொழிற்சாலை மூடப்பட்டாலோ, அவ்வகை யந்திரங்கள் மிக அருகிப் போனாலோ அந்நம்பிக்கையும் அற்றுப்போகிறது. அப்பொழுது உரிமையாளர் முன் இரண்டு வழிகளே நிற்கின்றன. யந்திரத்தைப் பழைய இரும்பாக எடை போட்டு விற்றுவிடலாம். அல்லது வேண்டிய உறுப்பைத் தம் கையாலேயே செய்து பொருத்தலாம்.

தறியின் உறுப்பு உடைந்தால் ஊர்த் தச்சரையும், நீர் இறைக்கும் இஞ்சின் பழுதானால் லேத்துப் பட்டறையையும் நாடும் நம் அங்கத்தினர்களுக்கு இவ்விரண்டாம் வழி புதியதன்று. ஆயினும் ஆளைச் சுமந்துகொண்டு விரைந்தோடும் வண்டியில் கைச்செய் உறுப்பைப் பொருத்துவது தனிப் பொறுப்பு. தறியில் உறுப்பு தவறினால் ஒரு நாள் கூலி போகும். வண்டியில் தவறினால் உயிரே போகும். அப்பொறுப்பை நாற்பது ஆண்டுகளுக்கு மேல் ஏற்று நின்ற ஒருவரின் வரலாற்றை ஈண்டு ஆராய்வோம்.

வண்டியும் மனிதரும்

நியூசிலாந்து நாட்டின் தென்கோடியில் இன்வர்கார்கில் என்னும் நகரம் உள்ளது. பர்ட் மன்ரோ என்பார் அவ்வட்டாரத்தில் 1899-ஆம் ஆண்டு பிறந்தவர். 1920-ஆம் ஆண்டில் அவர் 'இண்டியன் ஸ்கௌட்' என்னும் மோட்டார் சைக்கிளைப் புதிதாக வாங்கினார். பெயரைக் கண்டு இதனை நம் நாட்டுப் பொருள் என்று எண்ணிவிடலாகாது. அமெரிக்காவில் மாசசூசெட்ஸ் மாகாணத்து ஸ்பிரிங்பீல்டு நகரில் இயங்கிய கம்பெனியின் வண்டி இது. சுமார் 600 கன சென்டிமீட்டர் கொள்ளளவும், இரண்டு சிலிண்டர்களும் உடைய இதன் இஞ்சின், மணிக்கு ஏறக்குறைய 55 மைல், அதாவது 89 கிலோமீட்டர் வேகம் தரவல்லதாக இருந்தது. அக்காலத்துக்கு அது நல்ல வேகமே.

மன்ரோவுக்கு அது போதவில்லை. 1926-ஆம் ஆண்டு முதல் வண்டியின் உறுப்புகளை ஒவ்வொன்றாக மாற்றத் தொடங்கினார். பந்தய உறுப்புகளை விலைக்கு வாங்கப் பொருள் இல்லை. வண்டியோ ஆண்டுதோறும் பழமையடைந்தது. 1953-ஆம் ஆண்டில் ஸ்பிரிங்பீல்டில் உற்பத்தியும் நின்றுபோயிற்று. எனவே கொட்டகையொன்றையே அவர் தமது தொழிற்சாலையாக்கிக் கொண்டார். பழைய தகர டப்பாக்களை வார்ப்பு அச்சுகளாகக் கொண்டு உறுப்புகளை வார்த்தார். பிஸ்டன்கள், சிலிண்டர்கள், சுழல் சக்கரங்கள் ஆகியவை அவர் கையாலேயே உருவாயின. சக்கரத்தின் பழைய ஆரைக் கம்பி ஒன்றே அவருக்கு நுண்ணளவுக் கருவியாக உதவியது என்பர். கம்பி எண்ணைச் சொல்லாது. ஓர் உறுப்பு மற்றொன்றோடு ஒத்திருக்கிறதா, இல்லையா என்பதை மட்டும் சொல்லும். பொறுமையும் தேர்ந்த விரலும் உடையவருக்கு அதுவும் பயன்படும்.

அளவின் நுட்பம்

கைச்செய் உறுப்பின் இடர்ப்பாடு எத்தகையது என்பதற்குப் பிஸ்டன் ஒன்றே போதிய சான்றாகும். அவ்வண்டியின் சிலிண்டர் விட்டம் ஏறக்குறைய 70 மில்லிமீட்டர். வெப்பத்தால் அலுமினியம் வார்ப்பிரும்பைக் காட்டிலும் இரு மடங்கு விரியும் இயல்புடையது. இஞ்சின் ஓடும்போது 70 மில்லிமீட்டர் அலுமினியப் பிஸ்டனின் வெப்பம் 200 பாகை உயருமாயின், அதன் விட்டம் சுமார் 0.32 மில்லிமீட்டர் பெருகும். அதனைச் சூழ்ந்த வார்ப்பிரும்புச் சிலிண்டரின் வெப்பம் 100 பாகையே உயருமாயின், அதன் விட்டம் 0.08 மில்லிமீட்டருக்கு மேல் பெருகாது. வேறுபாடு ஏறக்குறைய கால் மில்லிமீட்டர். இக்கால் மில்லிமீட்டரைக் கணக்கில் கொள்ளாது, குளிர்ந்த நிலையில் இறுக்கமாகப் பொருந்துமாறு பிஸ்டனைச் செய்தவர், தம் கைத்திறனைக் கண்டு சிறிது நேரமே மகிழலாம். வண்டி சில மைல்கள் ஓடியதும் பிஸ்டன் சிலிண்டரைப் பற்றிக்கொள்ளும். பின்சக்கரம் சுழலாமல் நிற்கும். ஓட்டுபவர் தூக்கி எறியப்படுவார். மிகவும் தளர விட்டாலோ இஞ்சின் புகையும், ஆற்றல் குன்றும். எனவே கடையில் வாங்கும் பிஸ்டனின் விலையில் உலோகத்தின் விலை ஒரு பகுதியே. எவ்வளவு இடைவெளி விட வேண்டும் என்று பிறர் முன்னரே கண்டறிந்த அறிவின் விலை அதில் பெரும் பகுதி. தாமே செய்பவர் அவ்வறிவுக்கும் தாமே விலை கொடுத்தாக வேண்டும்.

பிஸ்டனையும் சுழல் தண்டையும் இணைக்கும் தண்டுகளின் நிலை இன்னும் கடினமானது. இஞ்சினின் சுழற்சி வேகம் இரு மடங்கானால், பிஸ்டனை நிறுத்தித் திருப்பும் விசை நான்கு மடங்காகிறது. மும்மடங்கானால் ஒன்பது மடங்காகிறது. இத்தண்டுகளை மன்ரோ காட்டர்பில்லர் டிராக்டரின் அச்சிலிருந்து கையால் செதுக்கி எடுத்தார். பெரும் பாரத்தையும் முறுக்கையும் தாங்குவதற்கென்றே செய்யப்பட்ட எஃகு அது. கிடைத்த இரும்பை எடுக்காமல், தகுந்த வேலைக்குத் தகுந்த எஃகு வேறு எங்கே ஒளிந்திருக்கிறது என்று தேடியதில்தான் அவர் கூர்மை விளங்குகிறது. அன்றியும், சிலிண்டரின் பக்கத்தே அமைந்திருந்த வால்வுகளைச் சிலிண்டரின் தலைக்கு மாற்றினார். இரண்டு கேமுகள் இருந்த இடத்தில் நான்கு அமைத்தார். இஞ்சினுக்கும் கியர்ப் பெட்டிக்கும் இடையே இருந்த பற்சக்கர இணைப்பை நீக்கி மூவரிசைச் சங்கிலியைப் பொருத்தினார்.

உடைந்தவற்றின் பேரேடு

இம்முயற்சிகள் யாவும் வெற்றி பெறவில்லை. பிஸ்டன்கள் உருகின, தண்டுகள் முறிந்தன, மன்ரோவும் பன்முறை விழுந்து அடிபட்டார். ஆனால் உடைந்த உறுப்புகளை அவர் குப்பையில் எறிந்துவிடவில்லை. கொட்டகைச் சுவரில் தட்டுகள் அமைத்து வரிசையாக அடுக்கி, வேகத்தின் தெய்வத்துக்குப் படைத்த காணிக்கைகள் என்று அவற்றின் மேல் எழுதியும் வைத்தார்.

வேடிக்கையாக எழுதிய சொற்களே அவை. எனினும் கணக்கேடுகளைத் தணிக்கை செய்வதையே தொழிலாகக் கொண்ட நாம், அத்தட்டுகளில் ஒரு நேர்மையான பேரேட்டையே காண்கிறோம். இலாபத்தை எழுதி நஷ்டத்தை மறைக்கும் சங்கம் நெடுநாள் நிலைப்பதில்லை. அங்ஙனமே, ஓடிய உறுப்பைப் பாராட்டி உடைந்த உறுப்பை மறந்துவிடும் தொழிலாளர் அதே பிழையை மீண்டும் வார்ப்பார். உடைந்த முகம் பேசும். உள்ளே புழைகள் தெரிந்தால் வார்ப்பில் காற்று அடைபட்டது என்று பொருள். ஒரு மூலையிலிருந்து சிறுசிறு அலைக்கோடுகள் பரவியிருந்தால், அங்கே ஒரு கீறலோ கூர்முனையோ இருந்து, விரிசல் நாள்தோறும் வளர்ந்தது என்று பொருள். தொழிற்சாலையில் சோதனைப் பகுதி செய்யும் வேலையை வீட்டுக் கொட்டகையில் இத்தகைய தட்டு ஒன்றே செய்யும்.

1962-ஆம் ஆண்டில் மன்ரோ அவ்வண்டியை அமெரிக்காவின் யூட்டா மாகாணத்திலுள்ள பானவில் உப்புவெளிக்குக் கொண்டு சென்று, மணிக்கு 178.95 மைல் வேகத்தில் ஓட்டி, தம் வகுப்பில் சாதனை நிறுவினார். 1967-ஆம் ஆண்டில், இஞ்சினின் கொள்ளளவு சுமார் 950 கன சென்டிமீட்டராகப் பெருகியிருந்தபோது, 1000 கன சென்டிமீட்டருக்கு உட்பட்ட வகுப்பில் 183.586 மைல் வேகம் அவர் பெயரில் பதிவாயிற்று. அப்பொழுது வண்டிக்கு வயது 47, ஓட்டியவருக்கு 68. மன்ரோ 1978-ஆம் ஆண்டில் காலமானார். கணக்கு அத்துடன் முடியவில்லை. சாதனை வேகத்தைக் கணக்கிட்டதில் ஒரு பிழை இருந்ததை அவருடைய மகன் பின்னாளில் கண்டு சுட்டிக்காட்டினார். அமெரிக்க மோட்டார் சைக்கிள் சங்கம் அதனை ஏற்று, 2014-ஆம் ஆண்டில் வேகத்தை 184.087 மைல், அதாவது 296 கிலோமீட்டர் எனத் திருத்தியது. மூல எண்கள் காக்கப்பட்டிருந்தமையால் 47 ஆண்டுகளுக்குப் பின்னரும் கணக்கு நேராயிற்று.

நாம் கொள்ள வேண்டியவை

இவ்வரலாற்றைப் படித்ததும் சம்மட்டியை எடுத்துக்கொண்டு பழைய வண்டியை அணுகுவது அறிவுடைமை ஆகாது. மன்ரோவின் வண்டி பந்தயத்துக்கு உரியது. நம் வண்டிகள் குழந்தைகளும் முதியோரும் நடக்கும் சாலையில் ஓடுபவை. 1988-ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆம் பிரிவு, பதிவுச் சான்றில் கண்ட விவரங்கள் உற்பத்தியாளர் குறித்தவற்றினின்று மாறுபடுமாறு வண்டியைத் திருத்துவதைத் தடுக்கிறது. தேய்ந்த உறுப்பை அதே அளவில் செய்து பொருத்துவது வேறு. வண்டியின் அமைப்பையே மாற்றுவது வேறு. இவ்வேறுபாட்டை மறத்தல் கூடாது.

கேஸ்கெட்டு, புஷ், வாஷர், நெம்புகோல், மட்கார்டு தாங்கி போன்றவற்றைப் பழகிய கை துணிந்து செய்யலாம். அவை தவறினால் வண்டி நிற்குமே தவிர ஆள் விழுவது அரிது. பிரேக்கு, முன்கவை, சக்கர அச்சு, கைப்பிடித் தண்டு ஆகியவை அத்தகையன அல்ல. அவற்றுக்குத் தரம் தெரிந்த எஃகும் தேர்ந்த லேத்துக்காரரும் இன்றியமையாதவர்கள். இரண்டும் கிடைக்காவிடில் வண்டியை நிறுத்திவைப்பதே நன்று.

அளவெடுக்கும்போது தேய்ந்த இடத்தை அளந்தால் தேய்மானத்தையே நகல் எடுத்தவர்களாவோம். பழைய உறுப்பில் தேயாத ஓரம் எங்கேனும் இருக்கும். அங்கே அளக்க வேண்டும். சிலிண்டரில் வளையங்கள் உரசாத அடிப்பகுதி பெரும்பாலும் ஆதி அளவைக் காட்டும். தண்டும் புஷ்ஷும் உராயும் இடத்தில், மலிவான புஷ்ஷை மென்மையான உலோகத்தில் செய்தல் நலம். தேய்வது அதுவாகட்டும், விலையுயர்ந்த தண்டு பிழைக்கட்டும். ஒரே நேரத்தில் இரண்டு புதிய உறுப்புகளைப் பொருத்தலாகாது. பொருத்தினால் குறை நேரும்போது எதனால் நேர்ந்தது என்பது விளங்காது.

கைச்செய் உறுப்பைப் பொருத்தும் ஒருவர், அந்த உறுப்பைப் பொறுத்தமட்டில் தொழிற்சாலையாகவும், சோதனை அதிகாரியாகவும், புகார் கேட்கும் அலுவலகமாகவும் ஆகிவிடுகிறார். இம்மூன்று வேலைகளில் முதல் வேலை மட்டுமே இன்பமானது. ஏனைய இரண்டையும் தட்டிக்கழிக்க மனம் நாடும். ஆகவே ஒவ்வொரு கைச்செய் உறுப்புக்கும் நோட்டுப் புத்தகத்தில் ஒரு வரி ஒதுக்குவோமாக. எந்த உலோகம், எந்த அளவு, பொருத்திய நாள், ஓடிய தூரம், கழற்றிய காரணம் ஆகிய ஐந்தையும் அவ்வரியில் குறித்துக்கொள்வோமாக. உடைந்ததைக் காயலான் கடைக்கு அனுப்புமுன் ஓராண்டேனும் பட்டறைச் சுவரில் தொங்கவிடுதல் நன்று. அடுத்த உறுப்பைச் செய்யத் தொடங்கும் நாளில் முதலில் அதனைக் கையில் எடுத்துப் பார்த்த பின்னரே அரத்தை எடுக்க வேண்டும்.