பழைய டீசல் கார்: எந்த வேலையை முதலில் எடுப்பது?

பெட்ரோல் என்ஜினில் நெருப்பு மூட்ட ஸ்பார்க் பிளக் உண்டு. டீசல் என்ஜினில் அது கிடையாது. முதலில் பிஸ்டன் கீழிறங்கிக் காற்றை மட்டும் உள்ளே இழுக்கும். பிறகு மேலேறி, அந்தக் காற்றை ஏறக்குறைய 17-இல் ஒரு பங்காக நசுக்கும். நசுங்கிய காற்றின் சூடு 500 டிகிரி செல்சியஸைத் தாண்டும். எண்ணெய் நன்றாகக் காய்ந்த பிறகு கடுகைப் போட்டால் உடனே வெடிக்கிறதல்லவா? அதேபோல அந்த நொடியில் இன்ஜெக்டர் பீச்சும் டீசல் தானாகவே பற்றிக்கொள்ளும். எண்ணெய் காயாவிட்டால் கடுகு வெடிக்காது. தேய்ந்த என்ஜின் காற்றை முழுதாக நசுக்காது, சூடும் போதாது. காலையில் அது ஸ்டார்ட் ஆக முரண்டு பிடிப்பதற்கு இதுவும் ஒரு காரணம்.

அப்படியென்றால் காற்று, டீசல், ஆயில், கூலன்ட் ஆகிய நான்கும் சுத்தமாகவும் சரியான அளவிலும் இருந்தால் போதும், என்ஜின் பல ஆண்டு உழைக்கும். பெயிண்ட், சீட் கவர், சத்தம் போடும் டேஷ்போர்டு எல்லாம் அதற்குப் பிறகுதான். திட்டம் போடும்போது பலர் இந்த வரிசையைத் தலைகீழாகப் பிடிக்கிறார்கள். வண்டி பாதியில் நிற்பது அதனால்தான்.

நம் ஊரில் அதிகம் ஓடும் 1.3 லிட்டர் ஸ்விஃப்ட் டீசலையே எடுத்துக்கொள்வோம். ஃபியட் வடிவமைத்த இந்த 1248 சிசி என்ஜின் டிசையரிலும் இண்டிகா விஸ்டாவிலும்கூட இருந்தது. மாருதி 2020 ஏப்ரலோடு டீசல் கார்களை நிறுத்திவிட்டதால், இன்று ஓடுபவை எல்லாமே வயதான வண்டிகள்தான்.

முதல் வேலை ஆயில். டீசல் எரியும்போது உண்டாகும் கரியை ஆயில் தன்னோடு ஏந்திக்கொள்ளும். பஜ்ஜி சுடச் சுட எண்ணெய் கருக்கும், பிசுபிசுக்கும். அந்த எண்ணெயை வாரக்கணக்கில் வைத்துச் சுடுவோமா? புது ஆயில் ஊற்றிச் சில நாளிலேயே கறுத்துவிடும், அதற்காகப் பயப்பட வேண்டாம். ஆனால் 10,000 கிலோமீட்டர் அல்லது ஒரு வருடம், எது முதலில் வருகிறதோ அப்போது மாற்றியே ஆக வேண்டும். இந்த என்ஜினில் இருப்பது டைமிங் செயின். அதை இறுக்கிப் பிடிப்பதும் ஆயிலின் அழுத்தம்தான். டர்போவின் தண்டோ நிமிடத்துக்கு ஒரு லட்சம் சுற்றுக்கு மேல் ஆயில் படலத்தில் மிதந்தபடி சுழல்கிறது. கெட்ட ஆயில் ஒரே நேரத்தில் இரண்டையும் தின்றுவிடும்.

வீட்டிலேயே மாற்ற நினைத்தால், முதலில் என்ஜினைச் சில நிமிடம் ஓடவிட்டு அணையுங்கள். வெதுவெதுப்பான ஆயில் அழுக்கோடு சேர்ந்து சீக்கிரம் வடியும். பிறகு சமதளத்தில், பின் சக்கரத்துக்குக் கட்டை கொடுத்து வண்டியைத் தூக்குங்கள். ஜாக்கியை மட்டும் நம்பி அடியில் படுக்கவே கூடாது. ஸ்டாண்ட் வைத்தாக வேண்டும். என்ஜினின் அடியில் ஆயில் வடிக்கும் நட்டைக் கழற்றியதும் வடிகிற ஆயிலை இரு விரலில் தேய்த்துப் பாருங்கள். கறுப்பு மட்டும் என்றால் சரி. மினுமினுவென உலோகத் துகள் தெரிந்தாலோ, பால் கலந்த காபி நிறத்தில் இருந்தாலோ மெக்கானிக்கிடம் காட்டுங்கள். பால் நிறம் என்றால் உள்ளே கூலன்ட் கலந்திருக்கலாம். டிப்ஸ்டிக்கில் ஆயில் அளவு குறையாமல் கூடிக்கொண்டே போனாலும் ஆபத்துதான். எங்கோ டீசல் ஒழுகி ஆயிலில் சேரலாம். வடித்த ஆயிலைச் சாக்கடையில் ஊற்றாமல், பழைய ஆயிலை முறையாக எடுத்துக்கொள்ளும் ஷெட்டில் கொடுங்கள்.

அடுத்தது டீசல் ஃபில்டர். இதன் வேலை காபி ஃபில்டரைவிட ஒரு படி அதிகம். தூசியைப் பிடிப்பதோடு, டீசலில் கலந்த தண்ணீரையும் அடியில் தங்கவைக்கும். இன்ஜெக்டரின் துளை ஒரு மில்லிமீட்டரில் பத்தில் ஒரு பங்கு அளவுதான். அதற்குமேல், உயரழுத்தப் பம்புக்கு வழவழப்புத் தருவதே டீசல்தான். தண்ணீர் போனால் உலோகத்தோடு உலோகம் உரசும். ஆகவே ஃபில்டரின் அடியில் உள்ள திருகைத் தளர்த்தி அவ்வப்போது தண்ணீரை வடியுங்கள், மழைக்காலம் முடிந்ததும் கட்டாயமாக. ஒரு கண்ணாடிக் குவளையில் பிடித்தால் தண்ணீர் கீழே தனியாகத் தெரியும். பம்பிலிருந்து இன்ஜெக்டருக்குப் போகும் இரும்புக் குழாய்களில் மட்டும் ஸ்பானரை வைக்காதீர்கள். அங்கே 1,000 பாருக்கு மேல் அழுத்தம் உண்டு. பீறிடும் டீசல் தோலைத் துளைத்து உள்ளே போய்விடும்.

மூன்றாவது கூலன்ட். ரேடியேட்டர் மூடி வேலை செய்வது பிரஷர் குக்கர் மூடியைப் போலத்தான். உள்ளே அழுத்தத்தைப் பிடித்துவைப்பதால் 100 டிகிரியிலும் திரவம் கொதிக்காது. கேஸ்கெட் தளர்ந்தால் குக்கரில் விசில் வராது. மூடியின் ரப்பர் தளர்ந்தால் கூலன்ட் கொதித்து வெளியேறும். சூடாக இருக்கும்போது மூடியைத் திறக்கவே கூடாது என்பதும் இரண்டுக்கும் பொது. போர் தண்ணீர் ஊற்றவும் வேண்டாம். கொதிக்கவைத்த பாத்திரத்தில் படியும் அதே வெள்ளை உப்பு ரேடியேட்டர் குழாய்களையும் அடைக்கும். பங்குனி வெயிலுக்கு முன்பே கூலன்ட்டையும் ஹோஸ்களையும் பார்த்துவிடுங்கள்.

ஏர் ஃபில்டர் ஐந்து நிமிட வேலை. கறுப்புப் புகை வந்தால் முதலில் அதைத் திறந்து பாருங்கள். பிரேக் ஆயில் காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சும், இரண்டு ஆண்டுக்கு ஒருமுறை மாற்றுங்கள்.

இப்போது ஒரு நோட்டை எடுத்து, செய்த ஒவ்வொரு வேலைக்கும் தேதி, கிலோமீட்டர், அடுத்த கெடு மூன்றையும் எழுதுங்கள். சொந்தக் காரின் ஆர்சி 15 ஆண்டில் முடிந்து, சோதனைக்குப் பிறகு ஐந்தைந்து ஆண்டாகத்தான் புதுப்பிக்கப்படும். அந்தத் தேதியும் அதே பக்கத்தில் இருக்கட்டும். கடைசியாக, உங்கள் வண்டியில் இருப்பது செயினா பெல்ட்டா என்று மேனுவலில் பாருங்கள். 2.5 லிட்டர் இன்னோவாவில் பெல்ட். அது அறுந்தால் வால்வும் பிஸ்டனும் மோதிக்கொள்ளும். ஓடாமல் நின்றாலும் ரப்பர் முதுமை அடையும் என்பதால், மேனுவல் சொல்லும் கெடு வந்ததும் ஷெட்டில் விட்டு மாற்றுங்கள். பெல்ட்டோடு அதன் டென்ஷனரையும் சேர்த்தே மாற்றச் சொல்லுங்கள். இரண்டுக்கும் பிரிக்கும் கூலி ஒன்றுதான்.