டார்ட்மூர்க் குன்றுகளில் கூடார விடுமுறை

ஆண்டிறுதி விடுமுறை நெருங்கும்பொழுது, "எங்கே போகலாம்?" என்னும் கேள்வி ஒவ்வோர் இல்லத்திலும் எழுகின்றது. உற்றார் வீடு, கடற்கரை, கேமரன் மலை என்று நம் பிள்ளைகள் அடுக்குவர். ஆங்கிலேயர் நாட்டில் இக்கேள்விக்குப் புதியதொரு விடை கிடைத்துள்ளது. அதன் பெயர் 'கிளாம்பிங்'. கவர்ச்சியைக் குறிக்கும் 'கிளாமர்' என்ற சொல்லையும், கூடாரமடித்துத் தங்குவதைக் குறிக்கும் 'கேம்பிங்' என்ற சொல்லையும் ஒட்டிப் பிறந்த சொல் இது. 2016ஆம் ஆண்டில் ஆக்ஸ்ஃபோர்டு ஆங்கில அகராதியிலும் இடம்பெற்றுவிட்டது. ஈரத் தரையில் பாய் விரித்துப் படுக்காமல், கட்டில், மெத்தை, விறகடுப்பு, விளக்கு ஆகியவற்றோடு இயற்கையின் நடுவே தங்குவதே கிளாம்பிங். 'சொகுசுக் கூடாரம்' என்று நாம் சொல்லிக்கொள்ளலாம்.

இவ்வாறு தங்க விரும்புவோர் நாடிச் செல்லும் இடங்களுள் ஒன்று, இங்கிலாந்தின் தென்மேற்கே டெவன் வட்டாரத்திலுள்ள டார்ட்மூர் தேசியப் பூங்கா. அந்நிலத்தின் இயல்பையும், அங்கே ஆற்றும் பொழுதுபோக்குகளையும், அக்குன்றின் மேல் ஓர் இரவு உறங்கும் உரிமைக்காக நடந்த வழக்கையும் இக்கட்டுரையில் காண்போம்.

'பூங்கா' என்றவுடன் மலர்ப்பாத்திகளும் ஊஞ்சலும் நினைவுக்கு வரும். நம் தாமான் நெகாராவை அறிந்தவர்க்கோ வானளாவிய மரங்கள் நினைவுக்கு வரும். டார்ட்மூரின் மேட்டு நிலத்தில் இவ்விரண்டும் இல்லை. 'மூர்' என்பது மரங்கள் அருகிய, காற்று ஓயாது வீசுகின்ற மேட்டுப் புல்வெளி. முழங்காலளவு வளரும் ஹெதர் என்னும் புதர்ச்செடி ஆகஸ்டு மாதத்தில் பூத்து, குன்றுகளுக்குச் செந்நீலப் போர்வை போர்த்தும். முள் நிறைந்த கோர்ஸ் செடியில் மஞ்சள் மலர்கள் கொத்துக் கொத்தாய்க் காணப்படும். குன்றுகளின் உச்சியில், யாரோ அடுக்கி வைத்தாற்போன்று பெரும்பெரும் பாறைக் குவியல்கள் நிற்கும். அவற்றை 'டோர்' என்பர். ஏறத்தாழ 28 கோடி ஆண்டுகளுக்கு முன் பூமிக்கடியில் உருகி, பின்னர் ஆறி இறுகிய கிரானைட்டுக் கற்களே அவை. மேலிருந்த மண்ணும் பாறையும் காலப்போக்கில் கரைந்துபோக, அவை வெளிப்பட்டு நிற்கின்றன.

அந்நிலம் என்றும் இவ்வாறே இருந்ததன்று. ஒரு காலத்தில் அங்கும் காடு இருந்தது. பண்டை மக்கள் மரங்களை வெட்டியும் எரித்தும் ஆடு மாடு மேய்த்தனர். மழை மண்ணின் சத்தைக் கரைத்தது. மீண்டும் காடு தழைக்க வழியில்லாமல் போயிற்று. அம்மக்கள் வாழ்ந்த வட்டக் கல்வீடுகளின் அடித்தளங்களைக் கிரிம்ஸ்பவுண்டு என்னுமிடத்தில் இன்றும் காணலாம். ஒரே மதிலுக்குள் 24 வீடுகளின் எச்சங்கள் உள்ளன. மூவாயிரம் ஆண்டுகளுக்கும் மேற்பட்ட வெண்கலக் காலத்துச் சிற்றூர் அது.

பூங்காவின் பரப்பு 954 சதுரக் கிலோமீட்டர். நம் தாமான் நெகாராவோ 4,343 சதுரக் கிலோமீட்டர். டார்ட்மூரின் மிகவுயர்ந்த இடமான ஹை வில்ஹேய்ஸ் 621 மீட்டர்தான். கேமரன் மலையிலுள்ள தானா ராத்தாவின் உயரத்தில் பாதிகூட இல்லை. எனினும் அங்கு நிலவும் குளிர் நம்மவரை நடுங்கச் செய்துவிடும். பூமத்திய ரேகையிலிருந்து வடக்கே 50 பாகைக்கும் அப்பால் இருப்பதும், அட்லாண்டிக் மாகடலின் ஈரக்காற்று நேரே மோதுவதும் அதற்குக் காரணங்கள். பிரின்ஸ்டவுன் என்னும் மேட்டுச் சிற்றூரில் ஆண்டுக்கு ஏறத்தாழ 2,000 மில்லிமீட்டர் மழை பெய்கின்றது. நம் நாட்டு மழையைப் போல் ஒரு மணி நேரம் கொட்டித் தீர்த்துவிட்டு அது ஓய்வதில்லை. தூறலாகவும் மூடுபனியாகவும் நாள் முழுதும் நனைத்துக்கொண்டே இருக்கும்.

இத்தகைய இடத்தில் சொகுசுக் கூடாரத்திற்கு ஏன் விருப்பம் மிகுந்தது என்பது இப்பொழுது விளங்கும். குழந்தைகளோடும் முதியோரோடும் செல்பவர்க்கு உலர்ந்த படுக்கை ஒன்று வேண்டுமல்லவா? நடு ஆசிய மேய்ப்பர்கள் கம்பளித் தகட்டால் அமைக்கும் 'யுர்ட்' என்ற வட்டக் கூடாரமும், மணிபோல் கூம்பி நிற்கும் துணிக்கூடாரமும் கிளாம்பிங்கில் பெரிதும் பயன்படுகின்றன. இவற்றோடு 'மேய்ப்பர் குடில்' என்பதும் ஒன்று உண்டு. இரும்புச் சக்கரங்களின் மேல் அமைந்த சிறு மர அறை அது. முற்காலத்தில் ஆடுகள் ஈனும் பருவத்தில் இரவெல்லாம் விழித்திருந்து காவல் காத்த மேய்ப்பன், அதிலே ஒண்டிக் குளிரைக் கழித்தான். அன்று கூலியாளுக்குப் போதும் என்று கொடுத்த அறை, இன்று விருந்தினர் பணம் கொடுத்து இடம் பிடிக்கும் மாளிகையாகிவிட்டது! தோட்டத்து லயங்களில் வாழ்ந்த நம் பெரியோர் இதைக் கேட்டால் சிரிப்பார்கள். ஆயினும் ஒன்று: ஆடு மாடு வளர்ப்பில் வரும் வருவாய் போதாத உழவர் குடும்பங்களுக்கு இக்குடில் வாடகை ஒரு கைத்தாங்கலாக உள்ளது. அதை நாம் குறை கூறுவதற்கில்லை.

பகற்பொழுதில் என்ன செய்வர்? நடப்பர், குதிரையேறுவர், கயிறு கட்டிப் பாறை ஏறுவர், பழைய இரயில் தடங்களின் மேல் மிதிவண்டி ஓட்டுவர். ஹேய்டோர் என்னும் குன்றுக்குச் சென்றால் ஒரு வியப்பைக் காணலாம். 1820ஆம் ஆண்டில் அங்கே கல் ஏற்றிச் செல்லும் வண்டிகளுக்குத் தண்டவாளம் இட்டனர். அத்தண்டவாளம் இரும்பாலானதன்று, கிரானைட்டுக் கல்லையே செதுக்கி இட்டனர். குதிரைகள் அதன்மேல் வண்டிகளை இழுத்தன. புல்லுக்கிடையே அக்கல் தண்டவாளம் இன்றும் கிடக்கின்றது.

சிறுவர்கள் மிகவும் விரும்பும் விளையாட்டு 'அஞ்சற்பெட்டி தேடல்'. இது டார்ட்மூரிலேயே பிறந்தது. 1854ஆம் ஆண்டில் சாக்ஃபோர்டு ஊரைச் சேர்ந்த ஜேம்ஸ் பெரட் என்ற வழிகாட்டி, நெடுந்தொலைவு நடந்தாலன்றி அடைய முடியாத கிரான்மியர் என்னும் சதுப்பிடத்தில் ஒரு போத்தலை வைத்தார். அங்கு வந்து சேர்ந்தவர்கள் தம் பெயர்ச் சீட்டை அதில் இட்டுச் சென்றனர். அவ்வழக்கம் வளர்ந்து, இன்று பாறையிடுக்குகளில் எண்ணற்ற சிறு பெட்டிகள் மறைந்துள்ளன. ஒவ்வொன்றிலும் ஒரு ரப்பர் முத்திரையும் ஒரு குறிப்பேடும் இருக்கும். பெட்டியைக் கண்டுபிடித்த சிறுவன் அம்முத்திரையைத் தன் ஏட்டில் பதித்துக்கொள்வான்; தன் முத்திரையைப் பெட்டியிலுள்ள ஏட்டில் பதிப்பான். பின்னர்ப் பெட்டியை இருந்த இடத்திலேயே மறைத்துவிடுவான். நிலப்படமும் திசைகாட்டியும் பழகுவதற்கு இதைவிட இனிய வழி நமக்குத் தோன்றவில்லை.

அப்பழக்கம் அங்கே உயிர் காக்கும் கல்வியும் ஆகும். மூடுபனி சூழ்ந்தால் பத்தடிக்கு அப்பால் ஒன்றும் தெரியாது. பள்ளங்களில் 'பீட்' என்னும் கருமண் சேற்றுநிலம் பரந்துள்ளது. மலாய் மொழியில் 'கம்புட்' என்று நாம் கேட்டறிந்த மண்வகையே அது. அழுகி முடியாத பாசியும் செடியும் ஆயிரக்கணக்கான ஆண்டுகளாகப் படிந்து உண்டானது. பஞ்சுபோல் நீரை உறிஞ்சி வைத்து ஆறுகளை ஊட்டுகின்றது. ஆனால் பச்சைப் புல்தரை என்று எண்ணிக் காலை வைத்தால் முழங்கால் வரை புதையும். 1902ஆம் ஆண்டில் நூலாக வெளிவந்த கானன் டாயிலின் 'பாஸ்கர்வில் வேட்டைநாய்' என்னும் துப்பறியும் புதினத்தில் அச்சமூட்டும் சதுப்பு நிலம் இந்த டார்ட்மூரைச் சேர்ந்ததே. பூங்காவின் வடபகுதியில் இராணுவத்தின் துப்பாக்கிப் பயிற்சிக் களங்களும் உள. சுடும் நாளில் செங்கொடி ஏற்றப்பட்டிருக்கும். இரவாயின் செவ்விளக்கு எரியும். அதைக் கண்டவர் அப்பால் செல்லலாகாது.

சாலையோரம் மேயும் மட்டக்குதிரைகளைக் கண்டு பிள்ளைகள் ரொட்டி நீட்டுவதுண்டு. அவை காட்டுக்குதிரைகள் அல்ல. மேய்ச்சல் உரிமை பெற்ற உழவர்களின் உடைமை. தின்பண்டத்திற்குப் பழகிய குதிரை சாலையை விட்டு அகலாது. முடிவில் வண்டியில் அடிபட்டு மடியும். ஆதலின் அவற்றிற்கு உணவிடுதல் அங்கே தடை செய்யப்பட்டுள்ளது.

இனி அந்த வழக்கிற்கு வருவோம். 'தேசியப் பூங்கா' என்ற பெயரால் அந்நிலம் நாட்டுடைமை என்று எண்ணிவிடலாகாது. டார்ட்மூரின் பெரும்பகுதி தனியார் உடைமை. அதில் ஒரு பெரும்பங்கு, அரியணைக்கு உரிய இளவரசரின் 'கார்ன்வால் டச்சி' என்னும் சொத்தைச் சேர்ந்தது. பிறர் நிலத்தில் பொதுமக்கள் நடக்கும் உரிமை எளிதில் வந்ததன்று. 1932ஆம் ஆண்டு ஏப்ரல் 24ஆம் நாள், வட இங்கிலாந்தின் மான்செஸ்டர் நகரத்துத் தொழிலாளர் நூற்றுக்கணக்கானோர் அருகிலிருந்த கிண்டர் ஸ்கௌட் என்ற மூர் நிலத்தில் தடையை மீறி ஏறினர். ஆறு நாள் ஆலைப் புகையில் உழைத்தவர்க்கு ஏழாம் நாள் மலைக்காற்று மறுக்கப்பட்டிருந்தது. செல்வர் பறவை வேட்டையாட அம்மலைகளைப் பூட்டி வைத்திருந்தனர். அன்று முன்னின்ற இளைஞர் பென்னி ராத்மனுக்கு வயது இருபது. அவருக்கு நான்கு மாதச் சிறை கிடைத்தது. வேறு நால்வரும் சிறை சென்றனர். 1949இல் தேசியப் பூங்காச் சட்டம் நிறைவேறியது. 1951இல் கிண்டர் ஸ்கௌட் அமைந்த வட்டாரம் நாட்டின் முதல் தேசியப் பூங்காவாயிற்று. அதே ஆண்டில் டார்ட்மூரும் பூங்காவாயிற்று.

1985ஆம் ஆண்டின் தனிச்சட்டம் ஒன்று, டார்ட்மூரின் பொது மேய்ச்சல் நிலங்களில் நடந்தும் குதிரையேறியும் 'திறந்தவெளிப் பொழுதுபோக்கில்' ஈடுபடும் உரிமையை மக்களுக்கு வழங்கியது. முதுகுப்பையில் சிறு கூடாரத்தைச் சுமந்து சென்று, குன்றின்மேல் ஓரிரு இரவு உறங்குவதும் அதில் அடங்கும் என்று பலரும் கொண்டனர். நிலவுடைமையாளர் இருவர் இதை மறுத்து வழக்குத் தொடுத்தனர். தீயாலும் குப்பையாலும் கால்நடைக்கும் நிலத்திற்கும் கேடு விளைகின்றது என்பது அவர்கள் முறையீடு. அதில் உண்மை இல்லாமலில்லை. 2023 சனவரியில் உயர்நீதிமன்றம் அவர்கள் பக்கம் தீர்ப்பளித்தது. உடனே ஆயிரக்கணக்கானோர் அம்மூர் நிலத்தில் அணிவகுத்து நடந்தனர். அதே ஆண்டு சூலையில் மேல்முறையீட்டு நீதிமன்றம் அத்தீர்ப்பை மாற்றியது. 2025 மே 21ஆம் நாள் நாட்டின் உச்ச நீதிமன்றம், கூடாரமிட்டு உறங்குவதும் திறந்தவெளிப் பொழுதுபோக்கே என ஒருமனதாக முடிவு கூறியது. இங்கிலாந்திலும் வேல்சிலும் நில உடையவரின் இசைவு பெறாமல் இவ்வாறு தங்கும் சட்ட உரிமை டார்ட்மூரில் மட்டுமே உண்டு.

எனவே அப்பூங்காவில் இருவகைக் கூடாரங்கள் உள்ளன. ஒன்று, வேலியிட்ட பண்ணை நிலத்தில் மெத்தையோடு காத்திருப்பது. அதற்குக் கட்டணம் உண்டு. மற்றொன்று, தோளில் சுமந்து செல்வது. அதற்குக் கட்டணமே இல்லை. நம்மைக் கேட்டால், கைக்குழந்தை உள்ளவர் முதலாவதையும், நடக்கவல்லோர் இரண்டாவதையும் தேர்ந்தெடுக்கலாம் என்போம்.

சுமந்து செல்வோர்க்குச் சில கட்டுப்பாடுகள் உண்டு. பூங்கா நிலப்படத்தில் இசைவு காட்டப்பட்ட இடங்களில்தான் தங்கலாம். ஓரிடத்தில் இரண்டு இரவுக்கு மேல் தங்கலாகாது. சாலையிலிருந்து விலகி, அடித்த காற்றில் ஒதுங்கும் சிறிய கூடாரமாக இருத்தல் வேண்டும். தரையில் தீ மூட்டலாகாது. பீட் மண் பற்றிக்கொண்டால் அடியிலேயே நெடுநாள் புகையும். சமையலுக்குச் சிறிய வாயு அடுப்பு போதும். புல்லில் ஒளிந்திருந்து கடிக்கும் உண்ணிகள் நோய் பரப்பும் ஆதலின், மாலையில் கால்களைச் சோதித்துக்கொள்ள வேண்டும். கோடையில் ஒன்பது மணிக்கும் அங்கே வெளிச்சம் இருக்கும். கூடாரத்தைக் கட்டி முடித்து, தேநீர் காய்ச்சிக் குடித்த பின்னும் நெடுநேரம் விண்மீன்களுக்காகக் காத்திருக்க வேண்டும். விடிந்ததும் கூடாரத்தைச் சுருட்டி, குப்பையைப் பையிலிட்டுக்கொண்டு நடப்பர். அவர்கள் படுத்திருந்த இடத்தில் மடிந்த புல் உச்சிப்பொழுதிற்குள் நிமிர்ந்துவிடும்.