புகைக்குழாயில் ஒரு தேன்கூடு

திருவாதவூர்ப் பேருந்து நிறுத்தத்தில் சிறிது நேரம் நின்று பாருங்கள். பேருந்து, மோட்டார் சைக்கிள், கார், டிராக்டர், ஓசையின்றி நழுவும் மின் ஸ்கூட்டர் என ஒவ்வொன்றாகக் கடந்து செல்லும். இவற்றுள் எவற்றில் ‘வினையூக்கி மாற்றி’ உண்டு? எவற்றில் இல்லை? விடை காணுமுன், அந்தக் கருவி எதற்காக என்று பார்ப்போம்.

பெட்ரோல் முழுமையாக எரிந்தால் கார்பன் டை ஆக்சைடும் நீராவியும் மட்டுமே உண்டாகும். ஆனால் எஞ்சினுக்குள் எரிவதற்குக் கிடைக்கும் நேரம் ஒரு நொடியின் மிகச் சிறு பகுதியே. ஆகவே எரியாத பெட்ரோல் ஆவியும், அரைகுறை எரிதலால் கார்பன் மோனாக்சைடும் வெளிவருகின்றன. கடும் வெப்பத்தில் காற்றிலுள்ள நைட்ரஜனும் ஆக்சிஜனுடன் கூடி நைட்ரஜன் ஆக்சைடுகளாகிறது. மூன்றும் உடலுக்குக் கேடு.

இம்மூன்றையும் மாற்றுவதே அக்கருவியின் வேலை. புகைக்குழாயில் ஓர் எஃகு உறை. அதனுள் தேன்கூடு போன்று நுண்ணிய துளைகள் நிறைந்த பீங்கான் கட்டி. துளைச் சுவர்களில் பிளாட்டினம், பல்லேடியம், ரோடியம் ஆகிய உலோகங்கள் மிக மெல்லியதாகப் பூசப்பட்டிருக்கும். தான் செலவாகாமல் வினையை விரைவுபடுத்துவது வினையூக்கி என்று நீங்கள் படித்திருப்பீர்கள். இவ்வுலோகங்களின் பரப்பில் கார்பன் மோனாக்சைடு கார்பன் டை ஆக்சைடாகவும், பெட்ரோல் ஆவி கார்பன் டை ஆக்சைடாகவும் நீராகவும், நைட்ரஜன் ஆக்சைடுகள் தீங்கற்ற நைட்ரஜனாகவும் மாறுகின்றன.

எந்த வண்டியில் உண்டு?

முதலில் பெட்ரோல் கார். அமெரிக்காவில் 1975ஆம் ஆண்டுக் கார்களில் இக்கருவி பரவலாக வந்தது. இந்தியாவில் 1995 ஏப்ரல் 1 முதல் டில்லி, மும்பை, கல்கத்தா, சென்னை ஆகிய நான்கு நகரங்களில் விற்கப்படும் புதிய பெட்ரோல் கார்களுக்குக் கட்டாயமாயிற்று. ஏன் அந்த நான்கு நகரங்களில் மட்டும்? எஞ்சினில் ‘தட்டல்’ ஏற்படாதிருக்க அக்காலப் பெட்ரோலில் ஈயச் சேர்மம் கலப்பார்கள். அந்த ஈயம் பிளாட்டினத்தின் மேல் படிந்தால் வினையூக்கி செயலிழந்துவிடும். எனவே ஈயமற்ற பெட்ரோலும் கூடவே கிடைக்க வேண்டியிருந்தது. 2000 பிப்ரவரி 1 முதல் நாடெங்கும் ஈயமற்ற பெட்ரோலே விற்கப்படுகிறது. காரில் கருவி இருந்தால் மட்டும் போதாது. எரிபொருளும் தூய்மையாக இருக்க வேண்டும்.

மோட்டார் சைக்கிளில் இது பெரும்பாலும் சைலன்சரோடு சேர்ந்தே அமைந்திருக்கும். சத்தம் வேண்டுமென்று சைலன்சரைக் கழற்றி மாற்றுவோர், வினையூக்கியையும் கழற்றி எறிகிறார்கள்.

டீசல் பேருந்தின் கதை வேறு. டீசல் எஞ்சின் தேவைக்கு மிகுதியான காற்றை உள்ளிழுப்பதால் புகையில் ஆக்சிஜன் மிச்சமிருக்கும். அந்த நிலையில் பெட்ரோல் கார்க் கருவியால் நைட்ரஜன் ஆக்சைடுகளைச் சிதைக்க முடியாது. ஆகவே 2020 ஏப்ரலில் நடைமுறைக்கு வந்த பாரத் ஸ்டேஜ் 6 விதிகளின்படி தயாராகும் பேருந்துகளில் யூரியாக் கரைசல் தெளிக்கப்படுகிறது. வெப்பத்தில் அது அம்மோனியாவைத் தர, அம்மோனியா மற்றொரு வினையூக்கியின் துணையால் நைட்ரஜன் ஆக்சைடுகளை நைட்ரஜனாக்குகிறது. ஆம், நம் வயலில் இடும் யூரியாதான்! ஆனால் உர யூரியாவிலுள்ள கசடுகள் கருவியைக் கெடுக்கும். இதற்குத் தூய யூரியா வேண்டும்.

டிராக்டருக்கு விதிகள் தனி. பழைய டிராக்டர்களில் இக்கருவி இல்லை. மின் ஸ்கூட்டரில் எதுவும் எரிவதில்லை. ஆகவே தேவையே இல்லை.

இரண்டு எச்சரிக்கைகள்

சுமார் 250 டிகிரி செல்சியசுக்கு மேல் சூடேறினால்தான் வினையூக்கி நன்கு வேலை செய்யும். எஞ்சினை முடுக்கியவுடன் வரும் புகையில் கார்பன் மோனாக்சைடு அப்படியே இருக்கும். அதற்கு நிறமும் இல்லை, மணமும் இல்லை. இரத்தத்தின் ஹீமோகுளோபினோடு ஆக்சிஜனைவிட இருநூறு மடங்குக்கும் மேல் உறுதியாகப் பிணையும். எனவே கதவடைத்த கொட்டகைக்குள் எந்த வண்டியையும் ஓடவிட்டு நிற்காதீர்கள்.

அதே வெப்பம் வேறிடத்தில் ஆபத்து. அறுவடைக் காலத்தில் சாலையில் பரப்பிய வைக்கோல் மீது காரை ஓட்டினாலோ நிறுத்தினாலோ, அடியிலுள்ள சூடான கருவியில் பட்டு அது தீப்பற்றக்கூடும். இதை வீட்டில் பெரியவர்களிடமும் சொல்லுங்கள்.

அடுத்த முறை பேருந்து நின்றதும், டீசல் தொட்டியின் அருகே நீல நிற மூடி இருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால், அது பெரும்பாலும் யூரியாக் கரைசல் ஊற்றும் வாய்தான்!