குப்பைக் குழியில் கிடந்த முதல்

நம் கடைகளில் தட்டாகப் பதித்திருக்கும் கடப்பாக்கல்லும் சுண்ணாம்புக் கல்லே. அத்தகைய கல்லைத் தண்ணீர் குடைந்து உண்டாக்கிய பேலம் குகையைக் காண ஆந்திரா சென்று வந்தோம்.

1884-ல் இராபர்ட் புரூஸ் ஃபூட் குறித்து வைத்த குகை இது. நீளம் 3,229 மீட்டர். சுமார் ஒன்றரைக் கிலோமீட்டருக்கு மட்டுமே அனுமதி. விளக்கொளியில் சுவர்கள் பொன்னாக மின்னுகின்றன. காற்றுக் குழாய்கள் இருந்தும் வியர்வை கொட்டுகிறது. 46 மீட்டர் ஆழத்தில் 'பாதாள கங்கை' ஓடுகிறது.

ஒரு காலத்தில் சுற்றுப்புறத்தார் குப்பை கொட்டிய இடம்! சுத்தம் செய்து, பாதை அமைத்து, விளக்குப் போட்ட பிறகுதான் நாலு பேர் தேடி வரும் இடமாயிற்று. வியாபாரிகளாகிய நமக்கு இதைவிடப் பாடம் வேண்டுமா?

செல்லும் அன்பர்கள் கல்லைத் தொட வேண்டாம். கையின் எண்ணெய்ப் பசை பட்டால் சுண்ணாம்புப் படிவின் வளர்ச்சி கெடும். முதலைக் கரைத்துவிட்டு லாபம் பார்க்க முடியுமா?