அறிவித்தற் பலகை

ஊராட்சி என்னும் சொல்லைக் கேட்டதும் இலக்கிய அன்பர் சிலர் முகஞ் சுளிப்பதுண்டு. கிணறு இறைத்தல், குப்பை அள்ளுதல், தெருவிளக்கு மாற்றுதல், சந்தைக் குத்தகை விடுதல் முதலியனவெல்லாம் பத்திரிகையின் மூலையிற் கிடக்க வேண்டிய செய்திகள். கதையும் கவிதையும் விளங்கும் பக்கத்தில் அவற்றுக்கு என்ன வேலை என்பது அவர்கள் கருத்து. எனக்கு அக்கருத்து உடன்பாடன்று. ஒரு நாட்டின் பெருங்கதையை அரசர்களின் பெயர்கொண்டு எழுதிவிடலாம். ஓர் ஊரின் கதையை அறிய வேண்டுமாயின் அதன் கிணற்றையும் ஒழுங்கையையும் சுடலையையும் வாசிகசாலையையுமே கேட்க வேண்டும். வன்னிப் பெருநிலத்தைப் பற்றிய மட்டில் இவ்வுண்மை பின்னும் தெளிவாகப் புலப்படும்.

குளத்தை நடுவே வைத்துக் குடியிருந்தவர்கள் வன்னி மக்கள். மாங்குளம், புளியங்குளம், கனகராயன்குளம், செட்டிகுளம் என்று ஊர்ப்பெயர்களே அதனைப் பறைசாற்றுகின்றன. குளக்கட்டைக் காப்பதும் வாய்க்காலைத் துப்புரவாக்குவதும் ஊரார் கூடிச் செய்த கருமங்கள். இன்றோ, பொதுக் கருமங்களிற் பல பன்னிரண்டு உள்ளூராட்சி மன்றங்களின் கையில் உள்ளன. கிளிநொச்சி மாவட்டத்திற் கரைச்சி, பச்சிலைப்பள்ளி, பூநகரி என மூன்று பிரதேச சபைகள். முல்லைத்தீவிற் கரைதுறைப்பற்று, புதுக்குடியிருப்பு, துணுக்காய், மாந்தை கிழக்கு என நான்கு. வவுனியாவில் மாநகர சபையொன்றும், வவுனியா வடக்கு, வவுனியா தெற்கு தமிழ், வவுனியா தெற்கு சிங்களம், வெங்கலச்செட்டிகுளம் என்னும் நான்கு பிரதேச சபைகளும் உள. கரைச்சிச் சபை ஒன்றே கரைச்சி, கண்டாவளை என்னும் இரு பிரதேச செயலாளர் பிரிவுகளைத் தன்னுள் அடக்கியது. காடும் வயலும் இடையிட்ட இத்துணைப் பரந்த நிலத்தில், சபையின் வாயிலுக்கும் மக்களின் படலைக்கும் இடையே உள்ள தூரம் மிகப் பெரிது.

பிரதேச சபைகளை ஆக்கியது 1987ஆம் ஆண்டின் 15ஆம் இலக்கச் சட்டம். பொதுச் சுகாதாரம், பொதுப் பயன்பாட்டுச் சேவைகள், பொது வழிகள், மக்களின் நலம், வசதி ஆகிய யாவும் சபையின் கடமை என்று அச்சட்டம் விரித்துரைக்கின்றது. ஆனால், சட்டம் பிறந்த வேளை வன்னிக்கு நல்வேளையாக இருக்கவில்லை. போர் தொடர்ந்தது. தெரிவு செய்யப்பட்ட சபையென்று ஒன்று இல்லாமலே கிளிநொச்சியில் ஒரு தலைமுறை வளர்ந்தது. 2009இற் போர் ஓய்ந்தபொழுது, வெங்கலச்செட்டிகுளப் பகுதியின் மெனிக் பாம் முகாமில் இரண்டு இலட்சத்துக்கும் மேற்பட்ட மக்கள் அடைந்து கிடந்தனர். அம்முகாம் மூடப்பட்டது 2012 செப்டெம்பரிலேதான்.

கிளிநொச்சி நகரின் பெருந் தண்ணீர்த் தொட்டியை இங்கு நினைவு கூரல் தகும். போரின் இறுதிக் கட்டத்திலே தகர்க்கப்பட்டு, ஏ-9 நெடுஞ்சாலையோரம் சரிந்து விழுந்த அத்தொட்டி, போர் முடிந்து பல்லாண்டு சென்ற பின்னும் விழுந்தபடியே கிடந்தது. தெற்கிலிருந்து வந்தோர் அதன்முன் நின்று படம் பிடித்துச் சென்றனர். அவர்களுக்கு அது போரின் சின்னம். ஊரவருக்கோ, அது தண்ணீர் தந்த தொட்டி. பொதுவசதி ஒன்று அழிந்தால் அழிவது கற்களும் கம்பிகளும் மாத்திரம் அல்ல. காலையிற் குழாயைத் திறந்தால் நீர் வரும் என்று மக்கள் கொண்டிருந்த நம்பிக்கையும் உடன் அழிகின்றது. கட்டடத்தை ஒப்பந்தகாரர் ஓராண்டில் எழுப்பிவிடுவார். நம்பிக்கையை எழுப்புவது யார்?

வாக்குச் சீட்டினால் அந்நம்பிக்கை எழும் என்று எண்ணினோம். வவுனியா நகர சபைக்கு 2009 ஆகஸ்டிலும், கிளிநொச்சியின் மூன்று சபைகளுக்கும் 2011 யூலையிலும் தேர்தல் நடந்தது. கரைதுறைப்பற்று, புதுக்குடியிருப்புச் சபைகளின் தேர்தல் அப்பொழுதும் ஒத்திவைக்கப்பட்டது. பின்னர் 2018 பெப்ரவரியில் நாடெங்கும் தேர்தல் வந்தது. 2023 மார்ச்சிற் சபைகளின் காலம் முடிந்தது; பணமில்லை என்று காரணங் காட்டி அடுத்த தேர்தல் நிறுத்தப்பட்டது. அவ்வாறு நிறுத்தியது மக்களின் அடிப்படை உரிமையை மீறிய செயல் என்று 2024 ஆகஸ்டில் உயர்நீதிமன்றம் தீர்த்தது. 2025 மே 6ஆம் நாளிலேதான் மக்கள் மீண்டும் வாக்களித்தனர். இரண்டாண்டுக்கு மேலாக நாட்டின் சபைகள் உறுப்பினர் இன்றிச் செயலாளர் கையில் நடந்தன. தெருவிளக்குகள் அப்பொழுதும் எரிந்தன; குப்பை வண்டிகளும் ஓடின. ஆயினும், ஏன் என்று கேட்பதற்கு ஓர் ஆளில்லை.

இப்பொழுது ஆளுண்டு. அப்படியிருந்தும் கேட்கின்றோமா? இங்கேதான் யான் சொல்லவந்த செய்தி இருக்கின்றது. யாரிடம் எதைக் கேட்பது என்பதே நம்மவரிற் பலருக்குத் தெரியாது.

எனக்குத் தெரிந்த மூதாளர் ஒருவர், தம் வயலுக்குப் போகும் வழியில் உடைந்து கிடந்த சிறு மதகைத் திருத்தும்படி விண்ணப்பம் எழுதிக்கொண்டு மூன்று கந்தோர்களுக்கு நடந்தார். ஒவ்வொரு கந்தோரிலும் "இது எங்கடை வேலை இல்லை ஐயா, அங்கை போங்கோ" என்றே விடை கிடைத்தது. விடை சொன்னவர் எவரும் பொய் சொல்லவில்லை. ஏ-9 போன்ற பெருவீதிகள் வீதி அபிவிருத்தி அதிகார சபைக்கு உரியன. அடுத்த தரத்து வீதிகள் மாகாணத் திணைக்களத்துக்கு உரியன. ஊரின் உள்வீதியும் ஒழுங்கையும் பிரதேச சபையின் பொறுப்பு. பெருங்குளத்தின் வாய்க்காலோரப் பாதையென்றால் நீர்ப்பாசனத் திணைக்களம். சிறுகுளத்தைச் சார்ந்ததென்றால் கமநல அபிவிருத்தித் திணைக்களம். குடிநீர்க் குழாய் தேசிய நீர்வழங்கல் சபைக்கு உரியதாக, பொதுக்கிணறு பிரதேச சபைக்கு உரியதாக இருக்கும். இந்த வேறுபாடுகளை வயலில் நிற்கும் கமக்காரன் எவ்வாறு அறிவான்? அறியாதவன் அலைவான், அலைந்து களைத்தவன் கேட்பதையே விட்டுவிடுவான். அவன் கேளாமை சபைக்கு வசதியாகப் போய்விடும்.

ஆகவே, சபை செய்யும் முதற் சேவை அறிவித்தலே என்பேன். எது எம் கடமை, எது எம் கடமையன்று, இம்மாதம் எதைத் தீர்மானித்தோம், எதற்கு எவ்வளவு ஒதுக்கினோம், எதனைச் செய்ய இயலவில்லை என்பவற்றை மக்கள் கண்படும் இடத்தில் எழுதி வைத்தல் வேண்டும்.

இது புதுமை அன்று. பராந்தக சோழன் காலத்தில், கி.பி. 919இலும் 921இலும், உத்தரமேரூர்ச் சபையார் தம் சபையின் ஒழுங்குகளைக் கோயிற் சுவரிலே கல்லில் வெட்டி வைத்தனர். முப்பது குடும்புகளிலிருந்தும் குடவோலை இட்டு உறுப்பினரைத் தெரிந்தனர். ஏரி வாரியம், தோட்ட வாரியம் என்று கருமங்களைப் பகுத்தனர். வாரியத்தில் இருந்து கணக்குக் காட்டாது போனவனையும் அவன் நெருங்கிய உறவினரையும் மீண்டும் தெரிவுக்கு உரியர் அல்லர் என்று விலக்கினர். அச்சபையைப் புகழ்ந்து மேடைகளிலே பேசுகிறோம். ஆனால், அதில் நிலமுடைய அந்தணருக்கே இடமிருந்தது. பெண்ணுக்கும் உழுகுடிக்கும் இடமில்லை. இன்றைய சட்டமோ சபை ஆசனங்களிற் கால்பங்கைப் பெண்களுக்கென ஒதுக்கியுள்ளது. 2018இன் தேர்தலுக்கு முன் நாடு முழுவதிலும் உள்ளூராட்சி மன்றங்களிற் பெண்கள் நூற்றுக்கு இருவர் அளவில்கூட இல்லை. போரினாற் குடும்பச் சுமை முழுவதையும் பெண்களே தாங்கும் வீடுகள் மலிந்த வன்னியில் இம்மாற்றம் சிறிதன்று. தண்ணீர்க் குடத்தைத் தூக்கியவளே தண்ணீரைப் பற்றிப் பேசும் இடத்துக்கு வந்திருக்கிறாள். பழைய சபையிலிருந்து நாம் கொள்ள வேண்டியது ஒன்றே: கணக்கைச் சுவரில் எழுதும் வழக்கம்.

சுவரில் எழுதினால் மாத்திரம் போதுமா? எழுதுவது விளங்கவும் வேண்டும். ஒரு வாசிகசாலையிற் சிறுவர்க்கு மாலைப் பாடம் சொல்லிக்கொண்டிருந்தபொழுது நடந்ததைக் கூறுகிறேன். சுவரில் "கேள்வி அறிவித்தல்" என்ற தலைப்போடு ஒரு தாள் ஒட்டியிருந்தது. கட்டடமொன்றைத் திருத்துவதற்கு ஒப்பந்தகாரரிடம் விலை கோரும் தாள் அது. மாணவி ஒருத்தி அதை முற்றும் வாசித்துவிட்டு வந்து, "ஐயா, கேள்வி எண்டு போட்டிருக்கு, உள்ளுக்கை ஒரு கேள்வியையும் காணேல்லையே. நாங்கள்தான் கேட்க வேணுமோ?" என்றாள். கூடியிருந்த பிள்ளைகள் நகைத்தனர். எனக்கு நகைப்பு வரவில்லை. திருக்குறளிற் கேள்வி என்றோர் அதிகாரம் உண்டு. அங்கே அச்சொல்லுக்குக் கற்றோர்வாய்க் கேட்டல் என்பது பொருள். வழக்கில் வினாவென்று பொருள். கந்தோரிலோ விலைகோரல் என்று பொருள். மூன்றாவது பொருளை அறியாத பிள்ளை இரண்டாவது பொருளிற் சரியாகவே வினவினாள். அந்தத் திருத்த வேலைக்கு எவ்வளவு செலவு, யார் செய்கிறார், எப்பொழுது முடியும் என்று நாங்கள்தாம் கேட்க வேண்டும்.

அவ்வாறு கேட்பதற்குச் சட்டமும் துணை நிற்கின்றது. 2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கத் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின்படி ஒவ்வொரு பிரதேச சபையிலும் தகவல் அலுவலர் ஒருவர் இருத்தல் வேண்டும். குடிமகன் எவரும் அவரிடம் எழுத்தில் விண்ணப்பிக்கலாம். எழுத இயலாதவர் வாயாற் சொன்னாலும் அதனை எழுதிக்கொள்வது அவ்வலுவலரின் கடமை. பதினான்கு வேலை நாளுக்குள் தருவதோ மறுப்பதோ என முடிவு சொல்லியாக வேண்டும். காரணம் யாதென்று விண்ணப்பகாரரைக் கேட்கச் சட்டம் இடந்தரவில்லை.

"சபையிடம் பணமில்லை, இல்லாததை அறிவித்து என்ன பயன்?" என்று சிலர் கூறுவர். வறிய மக்களிடம் அறவிடும் சோலைவரி வன்னிச் சபைகளுக்கு எட்டியமட்டும் போதாது என்பதும், அரசின் கொடையையே அவை பெரிதும் நம்பியிருக்கின்றன என்பதும் மறுக்கலாகா. ஆயினும், பணமில்லை என்பதும் ஓர் அறிவித்தலே. வீட்டிலே அரிசி இல்லையென்றால் தாய் அதைப் பிள்ளைகளுக்கு மறைத்து வைக்க முடியாது. உள்ளதைச் சொல்லிப் பகிர்ந்து கொடுப்பாள். பத்து ஒழுங்கைகளில் இரண்டைத்தான் இவ்வாண்டு திருத்தலாம் என்றால், அவ்விரண்டும் எவை, ஏன் அவை என்று சொல்லிவிட்டால் மற்றை எட்டு ஒழுங்கையாரும் பொறுப்பர். சொல்லாது விட்டால், வேண்டியவர் வீட்டுக்கு வீதி போட்டார்கள் என்ற பேச்சே ஊரில் எஞ்சும்.

இப்பக்கத்தை வாசிக்கும் ஆசிரியர்க்கும் மாணவர்க்கும் இலக்கிய வட்டத்தார்க்கும் இதிலே செய்தற்குரிய பணி உண்டு. கந்தோர்த் தமிழை ஊர்த் தமிழாக எழுதிக் கொடுக்க வல்லவர் நீங்களே. மாதந்தோறும் சபை கூடியபின், அதன் தீர்மானங்களைப் பத்து வரியில் தெளிவாக எழுதி வாசிகசாலைப் பலகையில் இடலாம். மேல்வகுப்பு மாணவர் அதனை எழுதப் பழகினால், அதைவிடச் சிறந்த கட்டுரைப் பயிற்சி வேறில்லை. வாசிக்கத் தெரியாத முதியவர்க்கு மாலையில் ஒருவர் உரக்க வாசித்துக் காட்டலாம். பலகை ஒன்றுக்கு வேண்டியது ஒரு துண்டு மரமும் நான்கு ஆணியும்.

சபை இதற்கு இணங்காதாயின், அச்சிறுமி வினவியது போல நாமே வினவ வேண்டியதுதான்.