சிங்கத்துக்குப் புருவம் எதற்கு?

பாறசாலையில் இடவப்பாதி மழை விடாமல் பெய்துகொண்டிருந்த ஒரு ஞாயிற்றுக்கிழமை, வெளியே போக வழியின்றி வீட்டுக்குள் அடைபட்டுக் கிடந்த என் ஏழு வயதுப் பேத்திக்கு, ‘தி லயன் கிங்’ படத்தின் இரண்டு வடிவங்களையும், 2019இல் வெளிவந்ததைக் காலையிலும், 1994இல் வெளிவந்த பழைய சித்திரப் படத்தை மத்தியானத்துக்குப் பிறகுமாகப் போட்டுக் காட்டினேன். புதிய படம் தமிழ்க் குரலில் ஓடியது, பழையது ஆங்கிலத்தில். பள்ளிக்கூடத்தில் மலையாளமும் வீட்டில் தமிழும் பேசி வளரும் அந்தக் குழந்தைக்கு ஆங்கில வசனம் பாதிகூட விளங்கியிராது. ஆயினும், தகப்பன் சிங்கமாகிய முஃபாசா இறந்து கிடக்க, குட்டி சிம்பா அதன் காலடியில் புகுந்து ஒண்டிக்கொள்ளும் கட்டத்தில், தமிழில் பார்த்தபோது முறுக்கைக் கடித்துக்கொண்டிருந்தவள், ஆங்கிலத்தில் பார்த்தபோது அழுதுவிட்டாள். பிறகு கண்ணைத் துடைத்துக்கொண்டு, “பாட்டா, காலத்த பார்த்த சிங்கத்துக்கு மூஞ்சியில ஒண்ணும் காணல்லியே. அதுக்கு அப்பன் செத்தது தெரியாதா?” என்று கேட்டாள்.

ஒரு குழந்தையின் கண்ணீரைச் சாஸ்திரப் பிரமாணமாகக் கொள்ளலாகாது என்பது உண்மைதான். ஆனால் அவள் கேட்ட கேள்வி சாஸ்திரத்தின் வாசலில்தான் கொண்டு நிறுத்துகிறது.

‘லைவ் ஆக்‌ஷன்’ என்று பத்திரிகைகள் வருணித்த அந்தப் புதிய படத்தில் உயிருள்ள சிங்கம் ஒன்றுகூட இல்லை. ஜான் ஃபாவ்ரோ இயக்கிய அப்படத்தில், நிஜமான காமிரா நிஜமான உலகத்தைப் பார்த்து எடுத்தது, தொடக்கத்தில் வரும் சூரியோதயக் காட்சி ஒன்றே ஒன்றுதான். கலைஞர்கள் கென்யாவுக்குப் போய்ப் புல்வெளியையும் வனவிலங்குகளையும் நேரில் கண்டு வந்து, அவற்றைக் கணினிக்குள் மறுபடி சிருஷ்டித்தார்கள். ஒளிப்பதிவாளர் குழுவினர் மெய்நிகர்க் கண்ணாடிகளை மாட்டிக்கொண்டு, இல்லாத காட்டுக்குள் நடந்து, இல்லாத சிங்கத்தை நோக்கிக் காமிராவைத் திருப்பினார்கள். எம்.பி.சி. நிறுவனத்தின் லண்டன், பெங்களூர் கூடங்களில் இருந்தவர்களின் உழைப்பால் அந்தச் சிங்கங்களுக்குத் தோலும் தசையும் ரோமமும் வந்தன. ஒளிக்கதிர் ஒன்று ரோமத்தின் மேல் பட்டுச் சிதறுவதையும், மெல்லிய காதுமடலுக்குள் புகுந்து செந்நிறமாய் வெளிப்படுவதையும் பௌதிக விதிகளின்படி கணக்கிட்டு வரைந்த சித்திரம் அது.

பழைய படமோ கையால் வரையப்பட்டது. வினாடிக்கு 24 சட்டகங்கள் என்று கொண்டால், 88 நிமிஷப் படத்தில் 1,26,000க்கு மேற்பட்ட சட்டகங்கள் ஓடுகின்றன. ஒவ்வொன்றிலும் சிங்கத்தின் உருவம் ஓவியனின் இஷ்டப்படி நீண்டும் குறுகியும் வளைந்தும் வருகிறது. நிஜத்தை அளவுகோலாகக் கொண்டால் அதில் பிழைகள் மலிந்து கிடக்கின்றன. அவற்றுள் முக்கியமான இரண்டு பிழைகளே என் பேத்தியை அழவைத்தன என்று நான் கருதுகிறேன்: சிம்பாவின் கண்ணில் உள்ள வெள்ளைவிழி ஒன்று, புருவம் மற்றொன்று.

1997இல் கோபயாஷி, கோஷிமா என்னும் ஜப்பானிய ஆராய்ச்சியாளர்கள் பல்வேறு குரங்கினங்களின் கண்களை ஒப்பிட்டுப் பார்த்து, மனிதனின் கண்ணில்தான் வெள்ளைவிழி மிக அதிகமாக வெளியே தெரிகிறது என்று எடுத்துக்காட்டினார்கள். வெள்ளைப் பின்னணியில் கருவிழி நகர்வதால், ஒருவன் எங்கே பார்க்கிறான் என்பதை எதிரே இருப்பவன் கணத்தில் அறிந்துகொள்கிறான். சிங்கத்தின் கண்ணிலோ தேன் நிறத்து விழியே இமைகளுக்கு இடையில் நிறைந்து நிற்கிறது; வெள்ளை அபூர்வமாகவே தெரியும். புருவமும் அதற்கு இல்லை.

புருவத்தின் மகிமையை நம் முற்றத்து நாய் நன்றாக அறியும். சோற்றுருண்டைக்காக நிமிர்ந்து பார்க்கும்போது, கண்ணின் மேல் உள் மூலையை அது உயர்த்துகிறதே, அந்த அசைவுக்குக் காரணமான சிறு தசை நாயின் முகத்தில் திடமாக வளர்ந்திருக்க, அதன் மூதாதையான ஓநாயிடம் சில இழைகளாகத் தேய்ந்து கிடக்கிறது என்று, இந்தப் புதிய படம் வெளிவந்த அதே 2019இல், ஜூலியான் காமின்ஸ்கியும் அவருடைய சகாக்களும் எழுதினார்கள். மனிதனை அண்டிப் பல்லாயிரம் ஆண்டுகள் வாழ்ந்த மிருகம், மனிதன் இரங்கத்தக்க முகத்தையும் சம்பாதித்துக்கொண்டது. சிங்கம் நம்மை அண்டி வாழவில்லை. ஆகவே நம் பாஷையில் அழ அதற்குத் தெரியாது.

இந்த ரகசியம் நம் கலைஞர்களுக்குப் புதிதன்று. கோயில் உற்சவங்களில் விடிய விடிய ஆடும் கதகளி நடிகர், சுண்டைப்பூவிலிருந்து எடுத்த விதையைக் கீழிமைக்குள் இட்டு வெள்ளைவிழியைச் சிவக்கச் செய்துகொள்வதையும், புருவத்தை மையால் பெரிதாக்கிக்கொள்வதையும் இப்பகுதியில் பலர் கண்டிருப்பார்கள். நிலவிளக்கின் வெளிச்சத்தில் கடைசி வரிசைக்கும் பாவம் போய்ச் சேரவேண்டுமானால், இயற்கையை மீறித்தான் ஆகவேண்டும். தொல்காப்பியம் எட்டு மெய்ப்பாடுகளுள் ஒன்றாக எண்ணிய அழுகை, பார்ப்பவன் மெய்யில் தோன்றவேண்டுமானால், முதலில் ஆடுபவன் மெய்யில் தெரியவேண்டுமல்லவா?

புதிய படத்தை ஆக்கியவர்கள் மிருகத்துக்கு உண்மையாக இருந்தார்கள்; அந்த உண்மையின் விலையாக முகபாவத்தை இழந்தார்கள். அதன் முழுச் சுமையும் குரலின் மேல் விழுந்தது. முன்பு பழைய படத்தின் தமிழ் வடிவத்தில் வளர்ந்த சிம்பாவுக்குக் குரல் கொடுத்த அரவிந்த்சாமி, 2019இல் வஞ்சகச் சிற்றப்பனாகிய ஸ்காருக்குப் பேசினார். திரையில் அசையாத முகத்தில் அவருடைய குரலே வஞ்சகத்தை ஏற்றிக் காட்டுகிறது.

அதற்காகப் புதிய படத்தை வீண் என்று தள்ளுவது அநியாயம். நெய்யாறு அணைக்கரையில் முன்பு இருந்த சிங்கப் பூங்காவில் நிஜச் சிங்கத்தைப் பார்த்தவன் நான். அதன் கோபமும் சாந்தமும் காதின் மடிப்பிலும் வாலின் நுனியிலும், தலையோடு தலை உரசும் உறவாடலிலும் இருக்கின்றன. இந்தக் கணினிச் சித்திரத்தில் அவையெல்லாம் மெய்யாகவே அமைந்திருக்கின்றன.

ஆகவே பேத்தியிடம், அந்தச் சிங்கத்துக்கும் அப்பன் இறந்தது தெரியும், ஆனால் அதன் துக்கத்தை மூஞ்சியில் தேடக்கூடாது என்று சொன்னேன். வீட்டில் குழந்தைகள் உள்ளவர்கள் இரண்டு படங்களையும் ஒரே நாளில் காட்டுங்கள். ஒன்றில் கண்ணையும் புருவத்தையும் பார்க்கச் சொல்லுங்கள். மற்றொன்றில் காதையும் வாலையும் பார்க்கச் சொல்லுங்கள். முதலாவது மனிதனை அறியக் கற்பிக்கும்; இரண்டாவது மிருகத்தை அறியக் கற்பிக்கும்.